தொட்டாற்சுருங்கியின் மூட்டுக்குள் நடப்பது என்ன?

ஏப்ரல் விடுமுறை விட்ட கையோடு பசறையிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். அவருடைய இளைய மகளுக்கு ஐந்து வயது. கிரவுண்டுக்குப் போகும் வழி நெடுகத் தொட்டாற்சுருங்கியைத் தொட்டுத் தொட்டு நின்றுவிடுகிறாளாம். "தொட்டால் அதுக்கு வலிக்குமா அம்மா? அதனாலயா சுருங்குது?" என்று கேட்டிருக்கிறாள். கூடவே, விடிகாலையில் தொட்டால் ஏன் அசைய மறுக்கிறது என்றும் கேட்டிருக்கிறாள். பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்பது தாயின் கேள்வி.

இரண்டுமே நல்ல கேள்விகள். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவார்கள். போக முடியாதவர்கள் வருந்தத் தேவையில்லை. லயத்துக்குப் பின்னால், கான் ஓரத்தில், பாதையின் மண் விளிம்பில் பைசா செலவில்லாமல் பார்க்கக் கிடைக்கும் இந்தச் செடி, தாவர உலகத்தின் மிக நுட்பமான இயந்திரங்களில் ஒன்றைத் தன் காம்புக்குள் வைத்திருக்கிறது.

செடியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் இதன் தாயகம். இன்று வெப்பமண்டல நாடுகள் எங்கும் பரவிக் கிடக்கிறது. மிமோசா புடிகா என்ற விஞ்ஞானப் பெயரை 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசு வைத்தார். சிங்களத்தில் நிதிகும்பா என்பார்கள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்களின் உதவியால் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கிறது. தேயிலை அடர்ந்து மூடிய மலையில் இதற்கு வெயில் கிடைக்காது. கவ்வாத்து வெட்டிய மலையிலும் பாதையோரத்திலும் தாராளமாகப் படரும். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு இதன் முள்ளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இனி இலைக்கு வருவோம். ஓர் இலையில் நீளமான ஒரு காம்பு. அதன் நுனியில் பெரும்பாலும் நான்கு கிளைக்காம்புகள் விரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாகச் சீறிலைகள், சோடி சோடியாக. நுனியில் உள்ள ஒரு சோடியை மட்டும் மெல்லத் தட்டிப் பாருங்கள். முதலில் அந்தச் சோடி மேல்நோக்கி எழுந்து ஒன்றோடொன்று சேரும். பிறகு அதற்கு அடுத்த சோடி, அதற்கும் அடுத்தது என்று மடிப்பு அடியை நோக்கி நகரும். சற்றுப் பலமாகத் தட்டினால் கிளைக்காம்புகள் ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் முழு இலையும் காம்போடு கீழே சாயும்.

காம்பு தண்டில் சேரும் இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். அங்கே சற்றே பருத்த ஒரு முடிச்சு இருக்கும். கிளைக்காம்புகளின் அடியிலும் அப்படியே. ஒவ்வொரு சீறிலையின் அடியிலும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில், அதே முடிச்சு. மூட்டு என்றே சொல்லலாம். நம்முடைய மூட்டில் எலும்பும் தசையும் இருக்கின்றன. இதில் அவை கிடையாது. இருப்பதெல்லாம் நீர் நிரம்பிய கலங்கள்.

காற்றடைத்த சைக்கிள் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று இருக்கும்வரை விறைத்து நிற்கும்; இறங்கினால் துவளும். மூட்டின் மேல்பாதியிலும் கீழ்பாதியிலும் உள்ள கலங்கள் நீரால் விறைத்து, இரண்டு பக்கமும் தள்ளுவதால் காம்பு நிமிர்ந்து நிற்கிறது. தொட்டதும் பெரிய மூட்டின் கீழ்பாதிக் கலங்கள் மட்டும் நீரை இழக்கின்றன. கீழே தாங்குவதற்கு ஆள் இல்லை, மேலே தள்ளுவதற்கு இருக்கிறது. காம்பு கீழே சாய்கிறது. சீறிலைகளின் மூட்டில் இதற்கு நேர்மாறு. அங்கே மேல்பக்கக் கலங்கள் நீரை விடுகின்றன, அதனால் இலை மேல்நோக்கி மடிகிறது. ஒரே தந்திரத்தைத் தலைகீழாக வைத்து இரண்டு திசையிலும் அசைவைப் பெறுகிறது செடி. பல ஆண்டுகளாக இதைக் கற்பித்தும் எனக்கு இந்த இடம் சலித்ததில்லை.

கலம் தன் நீரை எப்படி வெளியே விடுகிறது? நீரை நேரடியாகப் பிடித்துத் தள்ளும் வழி எந்தக் கலத்துக்கும் இல்லை. அது உப்பை வெளியேற்றுகிறது. கலச்சுவரை ஒட்டிய மென்சவ்வில் இருக்கும் வாயில்கள் திறக்க, பொற்றாசியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் வெளியே பாய்கின்றன. வெளியே உப்பு கூடியதும், பள்ளியில் படித்த பிரசாரணம் தன் வேலையைச் செய்கிறது: நீர் உப்பைத் தேடிப் போகிறது. நீர் கடந்து செல்வதற்கென்றே சவ்வில் தனிப் புரத வாயில்களும் உண்டு. எல்லாம் நடந்து முடிய ஒரு வினாடி போதும்.

அந்த நீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கலங்களுக்கு இடையிலுள்ள சின்னஞ்சிறு காற்றிடைவெளிகளில் அது புகுகிறது. காற்று இருந்த இடத்தில் நீர் வந்தால் திசுவின் நிறம் ஆழ்ந்துவிடும். ஆகவே இலை சாயும் அதே கணத்தில் பெரிய மூட்டின் அடிப்பாகம் பளிச்சென்ற நிறத்திலிருந்து கறுத்த பச்சைக்கு மாறும். ஒரு கைவில்லையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை இலை நுனியைத் தட்டச் சொல்லுங்கள். நீங்கள் மூட்டிலேயே கண்ணை வைத்திருங்கள். ஜேர்மன் உடற்றொழிலியலாளர் எர்ன்ஸ்ட் புரூக்க 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆராய்ந்த மூட்டு இதுதான். அதைப் பசறையில் ஒரு பாதையோரத்தில் குந்தியிருந்து பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் பெரும் மகிழ்ச்சி.

நுனியைத் தொட்ட செய்தி அடிமூட்டுக்கு எப்படித் தெரிகிறது? மின்சாரத்தால். தொட்ட இடத்தில் கலங்களுக்குள் கல்சியம் அயன்கள் பெருகுகின்றன. சவ்வின் மின்னழுத்தம் திடீரெனக் குலைகிறது. அந்தக் குலைவு கலத்துக்குக் கலம் தாவிச் செல்கிறது. வேகம் வினாடிக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர். ஐந்து சென்ரிமீற்றர் நீளமுள்ள கிளைக்காம்பைக் கடக்க ஏறத்தாழ இரண்டு வினாடி ஆகும் என்பதால், ஐந்து வயதுப் பிள்ளையும் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிப் பார்த்துவிடலாம். நம் உடலின் வேகமான நரம்புகளில் செய்தி வினாடிக்கு 100 மீற்றர் வரை ஓடும்.

இந்த மின்சாரத்தை அளந்து காட்டுவதற்குப் பெரும்பாடு பட்டவர்களில் ஒருவர் வங்காள விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ். ஐரோப்பாவில் பலர் இதை வெறும் நீரழுத்தத்தின் வேலை என்று கருதிய காலத்தில், நரம்பில் ஓடுவது போன்ற மின்செய்தியே செடிக்குள்ளும் ஓடுகிறது என்று அவர் விடாமல் வாதாடினார். செடியின் நுண்ணிய அசைவைப் பெரிதாக்கிப் பதியும் கருவிகளை உள்ளூர்க் கைவினைஞர்களைக் கொண்டே செய்வித்தார். 1917இல் கொல்கத்தாவில் ஓர் ஆய்வு நிலையத்தையும் நிறுவினார். காயம்பட்ட இலையின் விடயத்தில் மறுதரப்புக்கும் நியாயம் இருந்தது: 1916இல் இத்தாலியரான ரிக்கா, வெட்டிய தண்டின் இரு துண்டுகளை நீர் நிரப்பிய குழாயால் இணைத்தும் செய்தி கடந்து போனதைக் காட்டினார். அதாவது காயத்திலிருந்து ஏதோ ஓர் இரசாயனப் பொருளும் நீரோட்டத்தில் கலந்து போகிறது. மெல்லத் தொட்டால் ஓர் இலையோடு நிற்கும் செய்தி, நுனியைக் கத்தரித்தால் பக்கத்து இலைகளுக்கும் பரவுவது இதனால்தான்.

வலிக்குமா என்பதற்கு இப்போது பதில் சொல்லலாம். வலியை உணர மூளை வேண்டும். செடிக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. தொடுகையை அது அறிகிறது, அதற்கேற்ப நடந்துகொள்கிறது, அவ்வளவே. "வலிக்காது மகள், ஆனால் களைத்துப்போகும்" என்று சொல்லுங்கள். அது பிள்ளைக்காகச் சொல்லும் பொய் அல்ல. மடிவதற்குச் செடி அதிகம் செலவழிப்பதில்லை. வாயிலைத் திறந்துவிட்டால் போதும். மறுபடி நிமிர்வதுதான் செலவு. வெளியேறிய பொற்றாசியத்தைச் சக்தி செலவழித்துத் திரும்ப உள்ளே சேர்க்க வேண்டும். அதன் பின்பே நீர் உள்ளே வரும். ஒரு வினாடியில் மடிந்த இலை விரிய கால் மணி, அரை மணி நேரம் ஆவது அதனால்தான். மடிந்திருக்கும் நேரத்தில் ஒளித்தொகுப்பும் குறைகிறது. ஆகவே ஒரே செடியைத் திரும்பத் திரும்பத் தொல்லைப்படுத்தாமல் அடுத்த செடிக்குப் போகச் சொல்லலாம்.

விடிகாலை விடயமும் இதோடு சேர்ந்ததே. இரவில் இலைகள் தாமாகவே மடிந்து உறங்கும். விடியும்போது மெல்ல விரியும். இருட்டிலேயே வைத்திருந்தாலும் பகல் நேரத்தில் விரிந்து மாலையில் மடியும் என்பதை 1729இல் பிரெஞ்சு அறிஞர் டி மேரான் எழுதிவைத்தார். உயிரினங்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற அறிவியலின் தொடக்கம் அந்தக் குறிப்புதான். இதோடு நம் பக்கத்துக் குளிரும் சேர்ந்துகொள்கிறது. குளிரில் அயன்களின் ஓட்டம் மந்தமாகும், அசைவும் மந்தமாகும். பனி விலகி வெயில் ஏறிய பிறகு போய்ப் பார்த்தால் ஏமாற்றம் இராது.

இத்தனை செலவு செய்து செடி ஏன் மடிய வேண்டும்? பூச்சிகளிடமிருந்து தப்பத்தான் என்று நெடுங்காலமாக எல்லோரும் சொல்லிவந்தார்கள். நேரடிச் சான்று குறைவாகவே இருந்தது. 2022இல் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் செய்து காட்டினார்கள். மரபணுவைத் திருத்தி, மூட்டே இல்லாத, மடிய முடியாத தொட்டாற்சுருங்கியை உருவாக்கினார்கள். அதையும் சாதாரணச் செடியையும் வெட்டுக்கிளிகளுக்குக் கொடுத்தபோது மடியாத இலைகளே அதிகம் தின்னப்பட்டன. கல்சியம் பெருகும் இடம் ஒளிரும்படி செய்த செடியில், ஒளி அலை மூட்டைத் தொட்ட மறுகணம் இலை மடிவதைப் படமெடுத்தும் காட்டினார்கள்.

ஒரு பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை காண ஒரு நாடு பணம் ஒதுக்கியிருக்கிறது. இதை நான் பொறாமையோடுதான் பார்க்கிறேன். இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது பல ஆண்டுகளாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில் இருக்கும் மலைநாட்டில், தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் பலர் ஒரு கைவில்லையைக் கையில் பிடித்துப் பார்க்காமலேயே சாதாரண தரம் எழுதிவிடுகிறார்கள். வகுப்புக்கு நாலு வில்லை வாங்கிக் கொடுப்பதற்குப் பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. இந்தச் செடியை 48 நாள் தொடர்ந்து தொட்டுவந்தால் அதன் மின்சக்தி உடம்பில் ஏறி மனோசக்தி பெருகும், வசியம் கைகூடும் என்ற பேச்சு கைபேசியில் சுற்றுகிறது. செடியில் மின்சாரம் உண்டு என்பது உண்மை. அது சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான 100 மில்லிவோல்ற்று அளவிலான மாற்றம். ஒரு டோர்ச் பற்றரியில் 1,500 மில்லிவோல்ற்று இருக்கிறது. பற்றரியைக் கையில் பிடித்து யாருக்கும் சித்தி கிடைத்ததில்லை. நிசமான அதிசயம் கண்முன்னே இருக்கும்போது பொய்யான ஒன்றைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். தாயத்து விற்பவருக்கு இதில் இலாபம் இருக்கலாம். பிள்ளைக்கு எதுவும் இல்லை.

நாள் தவறாமல் தொட்டால் மாற்றம் வருவது செடிக்குத்தான். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸில் தாவரவியலாளர் தேஃபோந்தேன் தொட்டாற்சுருங்கிச் செடிகளைக் குதிரை வண்டியில் ஏற்றி நகரைச் சுற்றிவரச் செய்தார். வண்டி குலுங்கியதும் மடிந்த இலைகள், ஓடிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் விரிந்துகொண்டன. 2014இல் அவுஸ்திரேலியாவில் மோனிகா காலியானோ குழுவினர் தொட்டிச் செடிகளைச் சிறு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்தார்கள். விழுவதால் கேடில்லை என்றானதும் செடிகள் மடிவதை நிறுத்தின. 28 நாள் கழித்தும் அப்படியே நடந்துகொண்டன. இதை நினைவு என்று சொல்வதா, களைப்பு என்பதா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டையிடுகிறார்கள். நினைவு என்ற சொல்லுக்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் சோதனையைப் பிள்ளைகள் செய்து பார்க்கலாம்: ஒரே இலையின் மேல், விரிய விரிய, ஒரே உயரத்திலிருந்து தண்ணீர்த் துளி விடுங்கள். எத்தனையாவது துளியில் அலட்சியம் செய்யத் தொடங்குகிறது என்று பிள்ளையே கொப்பியில் குறிக்கட்டும். பிறகு ஐஸ் துண்டை வைத்துப் பாருங்கள்: அதற்கு மடிந்தால், துளிக்கு மடியாதது வெறும் களைப்பால் அல்ல என்று எண்ணலாம்.

கிருமிநாசினியோ களைநாசினியோ அடித்த மலைக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். காலுக்குச் சப்பாத்து அவசியம். முள்ளும் அட்டையும் உண்டு. பேராதனைப் பக்கம் மகாவலிக் கரையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் இதன் பெரிய உறவினமும் தொட்டால் மடியும், ஆனால் அதன் முள் குத்தினால் ஆழமாக இறங்கும். அதைத் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் ஒரு சின்ன நாற்றின் வேரைச் சுற்றியுள்ள மண்ணை விலக்கி விரலால் வேரைத் தொட்டு மணந்து பாருங்கள். கந்தகச் சேர்மங்களின் கெட்ட வாடை வரும். கண்ணாடியோ உலோகமோ பட்டால் அந்த வாடை வருவதில்லை, மனித விரல் பட்டால் வருகிறது என்று 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். முதலில் கரண்டிக் காம்பால் ஒரு நாற்றைத் தொடச் சொல்லுங்கள், பிறகு விரலால் இன்னொன்றை. மணந்து முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வாடை இலேசில் போகாது.