முழங்கால் வலியா? இடுப்பையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

ஓட்டக்காரர்களும் பந்து விளையாடுபவர்களும் பிசியோதெரபிக்கு வந்தால் பெரும்பாலும் முழங்காலைத்தான் காட்டுவார்கள். படி இறங்கும்போது முட்டிச் சில்லைச் சுற்றி வலி, வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் வலி, சில கிலோமீட்டர் ஓடிய பிறகு வலி. ஐஸ் வைத்திருப்பார்கள், முழங்கால் உறை போட்டிருப்பார்கள், ஓய்வும் எடுத்திருப்பார்கள். திரும்ப ஓடத் தொடங்கியதும் அதே வலி. இடுப்பை யாராவது சோதித்தார்களா என்று கேட்டால், "அங்கே எனக்கு வலியே இல்லையே" என்பார்கள்.

வலி இல்லை, சரி. வலு இருக்கிறதா?

ஓடும்போது இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் இருப்பதே இல்லை. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசையை ஒற்றைக் கால் தாங்குகிறது. அப்போது இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துவது, இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசை. பிட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மேக்ஸிமஸ், தொடை உள்பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இவற்றுக்கு வலு போதாவிட்டால் தொடை உள்நோக்கிச் சாயலாம். முட்டிச் சில்லின்மேல் அழுத்தம் கூடும். எல்லா முழங்கால் வலிக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முட்டிச் சில்லு வலிக்கு முழங்கால் பயிற்சியோடு இடுப்புப் பயிற்சியையும் சேர்த்துச் செய்யும்படிதான் சிகிச்சை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுமார் 20 செ.மீ. உயரமுள்ள படியில் வெறுங்காலோடு, ஒற்றைக்காலில் நில்லுங்கள். மறு காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி, மறுபடி மேலே வாருங்கள். முன்னாலிருந்து யாராவது வீடியோ எடுக்கட்டும். முட்டி கட்டை விரலைத் தாண்டி உள்ளே போகிறதா? இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதா? உடம்பு நிற்கும் கால் பக்கமாகச் சாய்கிறதா? முதல் இரண்டு முறை எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும். எட்டாவது, பத்தாவது முறையைப் பாருங்கள். இடுப்பு இப்படி இறங்குவதை ஜெர்மன் அறுவை சிகிச்சை நிபுணர் டிரெண்டலன்பர்க் 1895-லேயே விவரித்துவிட்டார். இன்றும் அந்த அறிகுறிக்கு அவர் பெயர்தான்.

பயிற்சிக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. கவட்டையில் ஆழமான வலி, ஒற்றைக்காலில் குதித்தால் கூடும் வலி, இரவிலும் விடாத வலி இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நீண்டதூரம் ஓடுபவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் தவறும் பெண்களுக்கு, தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் நுண்முறிவு வரலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். அதேபோல, வளரும் வயதுப் பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டினால், இடுப்பு மூட்டையும் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த வயதில் தொடையெலும்பின் தலைப்பகுதி நழுவுவதுண்டு. சிலருக்கு வலி முழங்காலில் மட்டும் தெரியும்.

இனி பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் சரியாகச் செய்பவர்கள் குறைவு. கால் மெல்ல முன்னால் போய்விடும், விரல்கள் கூரையைப் பார்க்கும், உடம்பு பின்னால் உருளும். வேலையெல்லாம் தொடையின் முன்பக்கத் தசைகளுக்குப் போய்விடும். நான் சொல்லித்தரும் வழி இது: முதுகு சுவரை ஒட்டியிருக்கும்படி படுங்கள். மேல் காலின் குதிகாலைச் சுவரில் லேசாக அழுத்துங்கள். விரல்கள் சற்றே தரையைப் பார்க்கட்டும். குதிகால் சுவரைவிட்டு விலகாமல் மேலே வழுக்கிக்கொண்டு போகவேண்டும். கால் ஓரடிக்கு மேல் எழும்பத் தேவையில்லை. முழுத்திறமையுள்ள வீரர்கள்கூடப் பன்னிரண்டாவது முறையில் கால் நடுங்கி, "இவ்வளவு கஷ்டமா?" என்பார்கள். இடுப்புக்குப் பின்பக்கவாட்டில், பேன்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில் எரிச்சல் தெரிந்தால் சரியான தசை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இதிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மெல்லிய ரப்பர் பட்டையைக் காலில் கட்டிக்கொண்டு, படுத்தபடி முப்பது, நாற்பது என்று எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவார்கள். தசை வலுப்பெற சுமை ஏற வேண்டும். விளையாட்டுக்கு உதவ நின்றுகொண்டு செய்ய வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஒற்றைக்கால் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து, ஒரு காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது), பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துவது). அப்புறம் கையில் டம்பெல்லோடு படியேறுவது, ஒற்றைக்கால் டெட்லிஃப்ட் (ஒற்றைக்காலில் நின்று, முதுகு வளையாமல் இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது). எட்டு முதல் பன்னிரண்டு முறைக்குள் களைத்துப்போகும் அளவுக்கு எடை இருக்கட்டும். வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. முதல் சில வாரங்களில் வரும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பெருக ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும்.

தொடையின் உள்பக்கத் தசைகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் நடந்த ஆய்வில், இவற்றின் வலு வெளிப்பக்கத் தசைகளின் வலுவில் 80 சதவீதத்துக்கும் கீழே இருந்தவர்களுக்குத் உள்தொடைத் தசையில் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்கு அதிகமாக இருந்தது. கால்பந்து, ஹாக்கி, கபடி என்று திடீரெனத் திசை மாற்றும் எந்த ஆட்டத்துக்கும் கோபன்ஹேகன் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல் காலை ஒரு பெஞ்சிலோ தோழரின் கையிலோ வைத்துக்கொண்டு, பக்கவாட்டு பிளாங்க் போல உடம்பைத் தூக்கி இறக்குவது. முதலில் முழங்காலைப் பெஞ்சில் வைத்து ஆரம்பியுங்கள், பழகியபின் கணுக்காலை வையுங்கள். நார்வே கால்பந்து வீரர்களிடம் ஒரு சீசன் முழுக்க இதைச் செய்யவைத்தபோது கவட்டைப் பிரச்சினைகள் 41 சதவீதம் குறைந்தன.

போட்டிகள் தொடங்கியதும் பல அணிகளில் இதெல்லாம் நின்றுபோகிறது. அந்த நார்வே வீரர்கள் சீசனுக்கு முன் வாரம் மூன்று முறை செய்தார்கள். சீசன் நடுவில் வாரம் ஒரே முறை. பயிற்சியாளர்களே, வார்ம்-அப்பில் அந்த ஒரு நாளுக்கு இடம் ஒதுக்குங்கள். போட்டிக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம், கால் வலியோடு களமிறங்க நேரிடும்.