அருமண் என்று சொல்லுங்கள்

ஆங்கிலத்தில் ‘ரேர் எர்த்’ எனப்படும் பதினேழு தனிமங்களில் ஏழின் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனா கடிவாளம் போட்டதிலிருந்து ‘அரிய பூமிக் காந்தம்’, ‘அரிய பூமி உலோகம்’ என்று காதில் விழுந்தபடியே இருக்கிறது. ஒருவர் ‘அரிய பூமிகள்’ என்று பன்மையிலேயே வாசித்துவிட்டார். நமக்கு இருப்பதே ஒன்றுதானே ஐயா!

ஆங்கில ‘எர்த்’தும் ஜெர்மன் ‘எர்டே’யும் ஒரு வேர்ச் சொற்கள். முதற்பொருள் மண், தரை. கோளுக்கு அப்பெயர் வந்தது பிற்பாடு. நீரில் கரையாத, தீக்கு எளிதில் உருகாத பொடிகளைப் பழைய வேதியியலார் ‘மண்’ என்றார்கள். சுவீடனின் இட்டர்பி ஊர்க் கறுப்புக் கனிமத்திலிருந்து 1794-இல் பின்லாந்து வேதியியலார் காடோலின் பிரித்ததும் அப்படியொரு மண்தான். அவையெல்லாம் உலோக ஆக்சைடுகள் என்று பின்னர் தெரிந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது.

‘பூமிக்கும் மண் என்ற பொருள் உண்டே’ என்று மல்லுக்கு நின்றார் ஒரு நண்பர். கொங்குப் பக்கம் ‘ரெண்டு ஏக்கர் பூமி வாங்கினான்’ என்பார்கள், மெய்தான். ஆனால் அது கிரயம் பண்ணுகிற நிலம். பூமி பிசைந்து பானை வனைந்த குயவர் உண்டா? கையில் அள்ளுவதும் மண், ‘பிறந்த மண்’ என்று ஊரையும் வீட்டையும் சேர்த்துச் சொல்வதும் மண். வடசொல் என்பதால் பூமியை நான் ஒதுக்கவில்லை. இங்கே அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். ‘அரும்புவி’ என்போருக்கும் இதே பதில்.

இத்தனைக்கும் வழி முன்பே போட்டுக் கிடக்கிறது. மக்னீசியம், கால்சியம் வகையறாவைப் பள்ளிப் பாடநூல் ‘கார மண் உலோகங்கள்’ என்கிறது. ‘காரப் பூமி’ என்று எழுதினால் மாணவன் சிரிப்பான். மொழிபெயர்ப்பவர்களோ அகராதியில் முதலில் கண்ட பொருளைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பையனிடம் கேட்டிருக்கலாம்.

‘அரு’வைப் பற்றியும் ஒன்று. இந்தப் பதினேழு தனிமங்களில் சீரியம், புவியோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. ‘அபூர்வம்’ என்பது பாதிப் பொய். தமிழில் ‘அரு’ என்றால் கடினமும்தான்: அருஞ்சுரம் கடக்கக் கடினம், இவை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கக் கடினம். ஆங்கிலத்தில் கோணலாக நிற்கும் பெயர் தமிழில் நேராகிவிடுகிறது.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் இந்தத் தனிமங்கள் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் கிடக்கிறது. அங்கே போய் ‘அரிய பூமி எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள், ரியல் எஸ்டேட் தரகரைக் கைகாட்டுவார்கள்.