கார்புரேட்டர் ஐசிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

மேகமும் தூறலுமான ஒரு நாள். சிறிய விமானம் ஒன்று இறங்கத் தொடங்குகிறது. விமானி, என்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் குறைத்து வைத்திருக்கிறார். சற்று நேரத்தில் என்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் தானாகவே சரிகிறது, என்ஜின் திணறுகிறது. எரிபொருள் தீரவில்லை, எதுவும் உடையவும் இல்லை. இதற்கு விமானிகள் சொல்லும் பெயர் கார்புரேட்டர் ஐசிங்.

கார்புரேட்டர், காற்றோடு பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கருவி. வேர், லத்தீனின் ‘கார்போ’. பொருள் கரி. அது பிரெஞ்சு வழியாகக் கரிமம் சேர்ப்பது என்ற பொருளில் கருவிக்குப் பெயரானது. (நம் ‘கரி’யும் காதில் அப்படியே விழுகிறது; அதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம்.) வேரைப் பிடித்துக்கொண்டு ‘கரியேற்றி’ என்றால் அடுப்புதான் நினைவுக்கு வரும். செய்யும் வேலையைப் பார்த்து ‘கலப்பி’ என்பேன்.

சிக்கல், ஐஸ் படிவதைக் குறிக்கும் ‘ஐசிங்’கில்தான். ‘பனி’ என்று எழுதினால் புல்நுனித் துளியா, மூடுபனியா, பனிக்கட்டியா என்ற குழப்பம். அதைவிட மோசம், இது குளிர்நாட்டு ஆபத்து என்று தோன்றிவிடுவது. வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே இது நடக்கும். காற்றில் ஈரம் இருந்தால் போதும். கலப்பியின் நடுவில் இடுப்புபோல ஒடுங்கிய ஒரு பகுதி உண்டு. இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சுரியின் (1746–1822) பெயரே அதற்கு. அந்த ஒடுக்கத்தில் காற்று விரைகிறது, அழுத்தம் இறங்குகிறது, கூடவே வெப்பமும். அங்கேயே பெட்ரோல் ஆவியாகி மிச்ச வெப்பத்தையும் உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்து 30 டிகிரிக்கு மேல்கூடக் குளிரவைத்துவிடும். காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் மேல் ஈரம் படிந்து கெட்டியாகிறது. இறங்கும்போது தகடு பெரும்பாலும் மூடியே இருப்பதால், மெல்லிய படிவே வழியை அடைத்துவிடும்.

வானத்திலிருந்து விழுவதல்ல, உள்ளேயே உண்டாவது. ‘இரத்தம் உறைந்தது’ என்கிறோமே, அந்த உறைதல்தான் இங்கே பொருந்துகிறது. ஆகவே ‘கலப்பி உறைவு’. எரிபொருளை நேரே பீய்ச்சும் என்ஜின்களில் கலப்பியே இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை.

மாற்று மருந்தின் பெயர் ‘கார்ப் ஹீட்’. கலப்பிச் சூடு என்றே சொல்லலாம். குமிழை இழுத்தால், புகைபோக்கிக் குழாயைச் சுற்றிச் சூடான காற்று கலப்பிக்குள் வரும். உருகிய நீர் என்ஜினுக்குள் போகும்போது குலுக்கல் முதலில் கூடத்தான் செய்யும். பயந்துபோய்க் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளத் தோன்றும். தள்ளக் கூடாது, அடைப்பு விலகியதும் முள் மெல்ல ஏறத் தொடங்கும்.