பாட்டியின் பென்ஷனும் பேத்தியின் உயரமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்க வரிசையில் நிற்கிறேன். அந்தக் காசு பேரப்பிள்ளைகள் உடம்பில் ஒட்டுகிறதா என்று யாராலாவது சொல்ல முடியுமா?"

முடியும் அம்மா. இந்த நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

நிறவெறி ஆட்சியில் முதியோர் பென்ஷன் இனத்துக்கு ஒரு தொகையாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அந்தப் பாகுபாடு ஒழிந்து, கறுப்பின முதியவர்களின் பென்ஷன் வெகுவாக உயர்ந்தது. அப்போது பெண்களுக்கு 60 வயதிலும் ஆண்களுக்கு 65 வயதிலும் அது கிடைத்தது. 1993இல் கேப்டவுன் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சுமார் 9,000 வீடுகளில் கணக்கெடுத்தபோது சிறு குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்டன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ அந்த ஏடுகளைக் கையில் எடுத்தார்.

பென்ஷன் வரும் வீட்டையும் வராத வீட்டையும் அப்படியே ஒப்பிட்டால் தப்பாகிவிடும். மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் வீடுகளில் வறுமையும் கூடுதலாக இருக்கலாம் அல்லவா? இதற்கு அவர் கண்ட வழியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எடை இந்த மாதச் சாப்பாட்டைச் சொல்லும். உயரமோ பிறந்த நாளிலிருந்து உண்டதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம். ஆகவே நான்கு வயதுக் குழந்தையின் உயரத்தில் பென்ஷன் உயர்வதற்கு முந்தைய பசி பதிந்திருக்கும். ஒரு வயதுக் குழந்தையோ அந்தப் பணத்திலேயே வளர்ந்தது. இருவகை வீடுகளிலும் மூத்த பிள்ளைகளுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம், இளையவர்களுக்கு இடையே எவ்வளவு என்று பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். வீட்டின் வறுமை இரண்டிலும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. பணத்தின் வேலை மட்டும் மிஞ்சுகிறது.

மிஞ்சியது இதுதான்: பாட்டி கையில் பென்ஷன் வந்த வீடுகளில் பேத்திகள் கூடுதல் உயரமாக வளர்ந்திருந்தார்கள். பேரன்களிடம் அவ்வளவு மாற்றம் இல்லை. தாத்தா வாங்கிய பென்ஷனுக்கு அத்தகைய தடயமே தென்படவில்லை.

"குட்டையாக இருப்பது பிள்ளையின் தலையெழுத்து" என்று நம் வீடுகளில் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பரம்பரைக்கும் பங்கு உண்டுதான். தட்டில் விழுவதற்கும் உண்டு. இத்தகைய கணக்கெடுப்புகளுக்கு அரசு கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. அன்று யாரோ ஒருவர் அளவு நாடாவோடு வீடு வீடாகப் போயிராவிட்டால் நமக்கு இது தெரிந்தே இருக்காது.

டுஃப்லோ ஆராய்ந்தவை கறுப்பினக் குடும்பங்கள். சாட்ஸ்வொர்த் பாட்டிகளின் கணக்கு அதில் இல்லை. அடுத்த முறை கிளினிக்குக் குழந்தையைக் கொண்டுபோகும்போது, எடையோடு நின்றுவிடாமல் உயரத்தையும் அளந்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.