மழைக்குப் பயப்படுகிறவரை அதட்டாதீர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் என் மனநல ஆலோசனை அறை வாசலில் நாற்காலி காலியாக இருப்பதில்லை. போன வாரம் சென்னையை ஒட்டிய முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட். மழைக்காலம் முழுக்க அது தலைமாட்டிலேயே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசற்படியைத் தொட்டு, ஈரமா என்று பார்ப்பாராம்.

கூட வந்த மகன் சொன்னார்: "ஊருக்கே வந்த வெள்ளம்தானே மேடம், இவங்களுக்கு மட்டும் என்ன?"

இதை எத்தனை முறைதான் கேட்பது! ஊருக்கே வந்தால் ஒருத்தருக்கு வலி குறைந்துவிடுமா? தெரு முழுக்க மூழ்கினாலும் அவரவருக்குப் போனது அவரவர் வீடு. 'மனசு பலவீனம்' என்று ஒரு நோய் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டு, லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினோம். 2023-ல் மிக்ஜாம் புயல். இத்தனைக்கும் பிறகு ஒருவர் படியைத் தொட்டுப் பார்க்கிறார் என்றால் அவர் எதையும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தொழிலிலும் குறை உண்டு. கனவில் தண்ணீர் என்றதும் தாய், பால்யம் என்று தோண்டக் கிளம்பிவிடுகிறோம். 1913 அக்டோபரில் ரயிலில் போய்க்கொண்டிருந்த மனநல மருத்துவர் கார்ல் யுங்கின் கண்முன் ஐரோப்பாவே வெள்ளத்தில் மூழ்கும் காட்சி வந்தது. தனக்குச் சித்தம் கலங்குகிறதோ என்று பயந்தார். அடுத்த ஆகஸ்டில் உலகப் போர் வந்தது. கனவு ஜோசியம் சொல்லும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியே கெடுவது உள்ளேயும் வந்து தட்டும். அதை வீட்டுக் கதையாக மட்டும் சுருக்கிவிடக் கூடாது.

அந்த அம்மாவின் கனவில் வருவது வெள்ளத் தண்ணீர் இல்லை. சின்ன வயதில் குளித்த ஏரித் தண்ணீர், தெளிவாக, தாமரை இலையோடு. "பாத்திரம் தேய்க்கிற தொட்டிகிட்ட வந்து நிக்குது மேடம், போக மாட்டேங்குது." அந்த ஏரி பிளாட்டாகிவிட்டது. இவர் இப்போது இருக்கும் மனையும் ஏரிக்குத் தண்ணீர் வந்த பழைய வரத்துக்கால்வாய்தான். பயத்துக்கு அடியில் துக்கம், அதற்கும் அடியில் குற்ற உணர்ச்சி. பத்து வருஷமாக யாரும் கேட்கவில்லை.

"அதையே நினைக்காதே" என்று சொல்லாதீர்கள். பழைய வெள்ள வீடியோக்களைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள், தயவுசெய்து. பத்திரங்களை மேல் அலமாரியில் எங்கே வைப்பது, தண்ணீர் வந்தால் யார் வீட்டுக்குப் போவது என்று எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை முடிவு செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

அந்த மகனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வண்டியில் கூட்டிப்போய், ஏரி எதுவரைக்கும் இருந்தது என்று காட்டச் சொல்லுங்கள்.