துவக்கு ஆளறிந்தா உதைக்கும்?

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய பெரியம்மா மகன் கனடாவின் மேற்குப் பக்கம் இருக்கிறாராம், வருசத்தில் ஒரு தடவை மூஸ் என்கிற அந்த ஆளுயர மானை வேட்டையாட நண்பர்களோடு மலையேறுகிறவராம். கரடி திரிகிற இடம் என்பதால் பெரிய குழல் ரைபிள் வேண்டும், பகல் முழுக்கச் சுமந்து நடப்பதால் பாரமும் குறைவாக இருக்க வேண்டும். 45-70 தோட்டா போடுகிற, மூன்று கிலோ சொச்சம் வருகிற ஒன்றில் அவருக்குக் கண் விழுந்திருக்கிறது. கடைக்காரரோ யோசித்து வாங்குங்கள், தோள் தாங்காது என்றாராம். "பாரம் குறைந்தால் உதை கூடுமா சேர்? கூடினால் எப்படிச் சமாளிக்கிறது?" இதுதான் கேள்வி.

முதலில் ஒன்று. நம் பக்கத்தில் வேட்டை ரைபிள் என்ற பேச்சுக்கே இடமில்லை. யானைக்கும் மானுக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டம் காவல் நிற்கிறது. வயல்காவலுக்கு உரிமம் எடுத்த சொட்கன் சிலரிடம் இருக்கும், அவ்வளவுதான். அதோடு வெடிச்சத்தம் என்றால் நமக்கு நினைவு வருகிற காரியங்கள் வேறு. அதனால் இது தம்பியின் அண்ணனுக்காகப் போடுகிற கணக்கு. கொஞ்சம் என் வலது தோளுக்காகவும்தான், அதற்கு இந்தக் கணக்கு கனகாலமாகப் பாக்கி இருக்கிறது.

சூறாவளிக்கு முந்தின வருசம், 1977. படுவான்கரையில் மாமாவின் வயல், குடலைப் பருவம், பன்றி இறங்குகிற காலம். பரணில் மாமாவின் ஒற்றைக்குழல் 12 நம்பர் துவக்கு. நான் உயர்தரம் படிக்கிற பொடியன், கெஞ்சி வாங்கி ஒரு வெடி வைத்தேன். பன்றியை வெருட்ட வானத்தைப் பார்த்துத்தான். துவக்கு உதைக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், கிட்ட வைத்தால்தானே நோகும் என்று பிடங்கை, அதாவது துவக்கின் அடிக்கட்டையை, தோளிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்திருந்தேன். மறுநாள் தோள் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது. மாமா பார்த்துவிட்டுச் சொன்னார்: "துவக்கு ஆளறிஞ்சுதான் உதைக்கும் மனே." அவர் அதற்குத் திருநீறு பூசி, வருசத்துக்கு ஒரு தேசிக்காய் வெட்டி வைத்திருந்தவர். அவரை அது உதைத்ததே இல்லையாம்.

சரி, கணக்குக்கு வருவோம். உந்தக் காப்பு விதி எல்லோரும் படித்ததுதான், உந்தம் என்றால் திணிவை வேகத்தால் பெருக்கியது: முன்னால் போகிற உந்தம் எவ்வளவோ அவ்வளவு பின்னாலும். 45-70 என்பதில் 45 குழலின் அளவு, அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து. 70 என்பது 1873இல் அமெரிக்கப் படைக்கு அதைச் செய்தபோது போட்ட கறுப்பு வெடிமருந்தின் அளவு, கிரெயின் என்கிற பழைய சிறு நிறைக் கணக்கில். இன்றைய பலமான தோட்டா ஒன்றில் சன்னம், அதாவது பாய்ந்து போகிற குண்டு, 26 கிராம், வேகம் செக்கனுக்கு 550 மீற்றர் என்று வைப்போம். கிராமைக் கிலோவாக்கிப் பெருக்கினால் உந்தம் 14.3. இந்த இடத்தில்தான் பரீட்சையில் பிள்ளைகள் கோட்டை விடுவார்கள். மருந்து எரிந்து வாயுவானதும் அதன் திணிவு காணாமல் போவதில்லை. 3.4 கிராம் மருந்து 3.4 கிராம் வாயுவாகி, குழல்வாயால் செக்கனுக்குச் சுமார் 1200 மீற்றரில், ஒலியைப்போல் மூன்று மடங்குக்கு மேல், பீறிடுகிறது. அது 4.1. கூட்டினால் 18.4.

இந்த 18.4ஐ ரைபிளின் திணிவால் வகுத்தால் அது தோளுக்கு வருகிற வேகம். 4 கிலோ என்றால் செக்கனுக்கு 4.6 மீற்றர், 3.2 கிலோ என்றால் 5.75. சக்தியாகப் பார்த்தால் 42 யூல், 53 யூல். 2.7 கிலோவுக்கு இறக்கினால் 63. உந்தம் மூன்றிலும் ஒன்றுதான். சக்திதான் பாரம் குறையக் குறைய ஏறுகிறது. மாமாவின் துவக்கு இதே கணக்கில் 36 யூல் அளவில் வரும், ஆக கனடா அண்ணன் கேட்பது என் தோளைக் கறுக்க வைத்ததைப்போல் ஒன்றரை மடங்கு. ஆகவே பதில்: ஆம் தம்பி, கூடும். பழைய ஆட்களுக்கும் இது தெரியும். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி இலங்கை யானைகளைக் கொன்று தள்ளிய சாமுவேல் பேக்கரிடம் நாலு நம்பர்த் துவக்கு ஒன்று இருந்தது. குழலுக்குப் பொருந்துகிற ஈயக்குண்டு நாலு சேர்ந்தால் ஒரு இறாத்தல், அந்த அளவுக் குழல். (மாமாவின் 12 நம்பரும் அப்படித்தான், பன்னிரண்டு குண்டுக்கு ஒரு இறாத்தல்.) அந்தத் துவக்கின் பாரம் கிட்டத்தட்டப் பத்துக் கிலோ. சுடுகிறவர் வெள்ளைக்காரர், சுமக்கிறவர் வேறு ஆள் என்றால் பாரம் ஒரு பிரச்சினையே இல்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதி. முப்பது வருசம் வகுப்பில் சொல்லியும் அலுக்காத பகுதி.

வெடித்த கணத்திலிருந்து ஒரு மணிக்கூட்டை ஓட விடுவோம், மில்லிசெக்கனில். சன்னம் குழலுக்குள் ஓடி முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மில்லிசெக்கன். அதற்குள் ரைபிள் எவ்வளவு பின்னால் வந்திருக்கும்? இதற்கு விசையும் வேண்டாம், அமுக்கமும் வேண்டாம். வெளியிலிருந்து எதுவும் தள்ளாதவரை சன்னமும் ரைபிளும் சேர்ந்த தொகுதியின் திணிவு மையம் நகராது, அதுவே போதும். 26 கிராம் 45 சென்ரிமீற்றர் முன்னே போனால், 3.2 கிலோ எவ்வளவு பின்னே வர வேண்டும்? வாயுவையும் சேர்த்து 4 மில்லிமீற்றர். ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை! சன்னம் ரைபிளை விட்டுப் பிரியும்போது தோளுக்கு இன்னும் ஒன்றுமே நடந்திருக்காது, பிடங்கின் றப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த 4 மில்லிமீற்றருக்குள் ரைபிள் வேகம் பிடித்துவிட்டது, செக்கனுக்கு 4.75 மீற்றர். மேலே சொன்ன கடைசி வேகம் 5.75 அல்லவா? மிச்ச ஒரு மீற்றர் எங்கிருந்து வருகிறது? சன்னம் போன பிறகு வருகிறது. குழலை அடைத்திருந்த மூடி கழன்றுவிட்டது, உள்ளே அமுக்கத்தில் இருந்த வாயு இப்போதுதான் வழி கண்டு பாய்கிறது. அந்த நேரத்துக்கு உங்கள் தோளில் இருப்பது துவக்கே அல்ல, கோயில் திருவிழாவில் விடுகிற வாணம், தலைகீழாகப் பிடித்த வாணம். வேகத்தில் ஆறில் ஒரு பங்குதானே என்று விட்டுவிட முடியாது, சக்தி வேகத்தின் வர்க்கம், 4.75 மீற்றரில் 36 யூல்தான், 5.75இல் 53. ஆக உதையில் மூன்றில் ஒரு பங்கு, சன்னம் போய்விட்ட பிறகு, இலக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், வெறும் புகையால் வருகிறது. முதன்முதல் இதைப் போட்டுப் பார்த்தபோது எங்கேயோ பிழை விட்டுவிட்டேன் என்று மூன்று தடவை திருப்பிச் செய்தேன்.

அப்புறம் ரைபிள் தோளைத் தள்ளி நிற்க இருபது மில்லிசெக்கன் அளவு. ஒரு சத்தத்துக்கோ தொடுகைக்கோ மனிதன் வேண்டுமென்று அசைய நூற்றைம்பது, இருநூறு மில்லிசெக்கன் வேண்டும். ஆகவே உதையைத் தாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நமக்குச் செய்தி வரும்போது காரியம் முடிந்திருக்கும். செய்யக்கூடியது எதுவென்றாலும் விசைவில்லை இழுக்கும் முன்பே செய்திருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? பலரும் நினைக்காதது தோட்டா. அதே 26 கிராம் சன்னத்தை 400 மீற்றர் வேகத்தில் விடுகிற மெதுவான தோட்டாவும் இருக்கிறது, 1873இன் வேகம் ஏறக்குறைய அதுதான். மருந்தும் குறையும், 3.2 கிலோ ரைபிளில் உதை 28 யூலுக்கு இறங்கிவிடும். கிட்டத்தட்டப் பாதி! அண்ணன் பயிற்சியெல்லாம் இதில் செய்யட்டும், பலமான தோட்டா மலைக்கு மட்டும்.

அடுத்தது நிறுத்துகிற தூரம். 53 யூலை 3 சென்ரிமீற்றரில் நிறுத்தினால் சராசரி விசை 180 கிலோ பாரத்துக்குச் சமம். 6 சென்ரிமீற்றரில் என்றால் 90 கிலோ, ஒரு நெல்மூடையைவிடக் கூட. பிடங்கின் முனையில் மெத்தென்ற தடித்த றப்பர் போடுவது இதற்குத்தான். பழைய பாணி இரும்புத் தகடு வைத்த பிடங்கை, பார்க்க எவ்வளவு வடிவாக இருந்தாலும், இந்தத் தோட்டாவுக்கு வாங்கவே கூடாது. நின்று சுடும்போது உடம்பும் பின்னால் அசைந்து தூரம் கொடுக்கும். மேசையில் ஊன்றிச் சுட்டால் உடம்பு போக வழியில்லை, அதே ரைபிள் கூட நோகும். ரைபிளைப் பரிசோதிக்கிறவர்கள் அனேகமாக மேசையில் வைத்துத்தான் சுடுவார்கள், சுட்டுவிட்டு இது வேண்டாம் என்று விற்றும் விடுவார்கள், பாவம்.

பிடங்கின் வளைவையும் பார்க்க வேண்டும். உதை குழலின் கோட்டில் வருகிறது, தோள் அதற்குக் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள உயரம்தான் ரைபிளை மேலே திருப்பிக் கன்னத்தில் அடிக்க வைப்பது. பிடங்கு நேராக இருந்தால் அடி நேரே பின்னுக்கு வரும், கன்னத்துக்கு அது சகாயம். தொலைநோக்கி பூட்டுவதென்றால் கண்ணுக்கும் அதற்கும் ஒன்பது பத்துச் சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் புருவத்தில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு விழும்.

மாமாவின் மந்திரமும் இங்கேதான் இருக்கிறது. பிடங்கைத் தோள்குழிக்குள் இறுக்கி வைத்தால் ரைபிளோடு தோளும் உடம்பில் ஒரு பங்கும் சேர்ந்து நகரும், 3.2 கிலோவாக இருந்த திணிவு சும்மா ஏறிவிடும். இரண்டு விரல் தள்ளிப் பிடித்தால் துவக்கு முழு வேகமும் எடுத்து வந்து எலும்பில் மோதும். வெற்றுக் கையால் பந்து பிடிக்கிற பிள்ளையும் சுத்தியலுக்குக் கை கொடுக்கிற பிள்ளையும் போல. துவக்கு ஆளறியவில்லை, ஆள் பிடித்த பிடியை அறிந்தது. தேசிக்காய் வெட்டிய காசுக்கு ஒரு றப்பர்த் துண்டு வாங்கி ஒட்டியிருந்தால் எனக்கும் உதவியிருக்கும். இதை ஒரு தராசும் இரண்டு துரொல்லியும் வில்லும் வைத்து எந்தப் பாடசாலையிலும் காட்டலாம். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் துரொல்லி இருந்தது, சில்லு இல்லை, நாலு வருசம் கேட்டும் வரவில்லை. அதே வருசங்களில் யானைவெடி வாங்கக் காசு இருந்தது. யானை எந்தப் பாதையால், ஏன் வருகிறது என்று படிக்கத்தான் எப்போதும் காசு பத்தாது.

குழல்வாயில் துளைகள் வெட்டி வாயுவைப் பக்கவாட்டில் திருப்புகிற ஒரு சாதனமும் உண்டு. மேலே சொன்ன அந்த மூன்றில் ஒரு பங்கை அது வெட்டும், வாயுவைப் பின்பக்கம் சாய்த்து விட்டால் இன்னும் கூட. விலை காதுக்கு. பெரிய ரைபிளின் சத்தம் அது இல்லாமலே செவியைக் கெடுக்கிற 140 டெசிபெலைத் தாண்டிவிடும், இது அந்தச் சத்தத்தைச் சுடுகிறவர் பக்கமும் பக்கத்தில் நிற்கிறவர் பக்கமும் திருப்புகிறது. மலையில் காது மூடி இல்லாமல் ஒரு வெடி என்றால்கூட நான் இதைப் பூட்ட மாட்டேன். பாரம் கூட்டுவது நல்லது: அரைக் கிலோ ஈயத்தைப் பிடங்குக்குள் வைத்துப் பயிற்சி செய்யலாம், மலைக்குப் போகும்போது கழற்றிவிடலாம்.

மிஞ்சுவது பயம். உதை வரப்போகிறது என்று தெரிந்த உடம்பு, வெடிக்கு ஒரு கண்ணிமை முன்பே கண்ணை மூடி, தோளை முன்னே தள்ளிவிடும், சன்னம் இலக்குக்குக் கீழே போய் விழும். வெடித்த பிறகு அசைய நேரமில்லை என்றேன், முன்பே அசைய நிறைய நேரம் இருக்கிறது. மாமா அடுத்த போகத்தில் என் கையில் துவக்கைத் தந்தார், தோட்டாவை அவரே போட்டு மூடித் தந்தார். நான் பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கி, விசைவில்லை இழுத்தேன். "டிக்" என்றது. குழல்வாய் ஒரு சாண் கீழே குத்தி நின்றது.

"தோட்டா போடல்ல மனே. இப்ப உதைச்சது ஆரு?"

மறுகா ஒன்றில் போட்டார், இரண்டில் போடவில்லை, எதில் இருக்கிறது என்று சொல்லவும் இல்லை. கனடாவில் உரிமத்துக்கு முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். அந்த அண்ணன் அது முடித்தவர்தான், ஆனாலும் நண்பர் ஒருவரை விட்டு இதேபோல் மருந்தில்லாத வெறும் தோட்டா கலந்து போட்டுத் தரச் சொல்லட்டும், சுடுகளத்தில், குழல் எப்போதும் இலக்கைப் பார்த்தபடி. முதலில் .22 சின்ன ரைபிளில், பிறகு மெதுவான தோட்டாவில். பெரியதில் ஒரு நாளைக்குப் பத்து வெடிக்கு மேல் வேண்டாம், வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி நின்ற நிலையில் இரண்டு வெடி வைத்துப் பார்க்கட்டும்.