டிஆர் பக்கம் டேட்டாபேஸ் திறக்குமா?

2021 பிப்ரவரி 24 காலை 11.40 மணிக்குத் தேசியப் பங்குச் சந்தையில் (என்எஸ்இ) வர்த்தகம் நின்றுபோனது. திரும்பத் தொடங்கியபோது மாலை 3.45. வழக்கமாக மூன்றரை மணிக்கு மூடும் சந்தையை அன்று ஐந்து மணி வரை நீட்டினார்கள். என்எஸ்இ பின்னர் வெளியிட்ட விளக்கத்தை டேட்டாபேஸ், ஸ்டோரேஜ் பார்க்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். முதன்மை டேட்டா சென்டருக்கும் அருகிலிருந்த டிஆர் (டிசாஸ்டர் ரெகவரி, முதன்மை இடம் முடங்கினால் வேலையை எடுத்துக்கொள்ளும் மாற்று இடம்) தளத்துக்கும் நடுவே இரண்டு நிறுவனங்களிடம் வாங்கிய லிங்குகள் ஓடின. சாலையில் நடந்த தோண்டும் வேலையால் இரண்டும் தடுமாறின. அதில் ஸ்டோரேஜ் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டு, முதன்மைத் தளத்து சர்வர்களுக்கே டிஸ்க் எட்டாமல் போனது. ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம் நின்றது. அது இல்லாமல் வர்த்தகம் நடத்த வழியில்லை.

டேட்டா சென்டருக்குள் தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. வெளியே லிங்க் ஆடியது, உள்ளே வேலை நின்றது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், இரண்டு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கி, வெண்டர் ஆள் வந்து இணைத்துவிட்டு, திரையில் பச்சை தெரிந்ததும் "டிஆர் ரெடி" என்று மெயில் போடும் நம் கம்பெனிகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தப் பச்சை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பக்கத்து டிஸ்க்கின் துண்டுகளான பிளாக்குகள் அந்தப் பக்கம் போய்ச் சேர்கின்றன. அவற்றை வைத்து டேட்டாபேஸ் திறக்குமா என்பது அதற்குத் தெரியாது.

ஏன் தெரியாது என்றால், ஸ்டோரேஜ் ரெப்ளிகேஷனுக்கு டேட்டாபேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டிஸ்க்கில் எழுதப்படும் பிளாக்கை எடுத்து மறுமுனையில் எழுதும், அவ்வளவுதான். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் எந்த டேட்டாபேஸாக இருந்தாலும், முதலில் லாக் என்ற மாற்றப் பதிவேட்டில் எழுதி உறுதி செய்துவிட்டு, அப்புறம்தான் டேட்டா ஃபைலில் எழுதும். கரண்ட் போய் வந்தாலும் டேட்டாபேஸ் எழுந்து நிற்பது இந்த வரிசையால்தான். வேகத்துக்காக லாகை ஒரு வால்யூமிலும் (ஒரு டிஸ்க் போலத் தெரியும் சேமிப்புப் பகுதி) டேட்டாவை இன்னொரு வால்யூமிலும் வைப்பது நம் வழக்கம். இந்த இரண்டும் தனித்தனி ரெப்ளிகேஷனாக, அதுவும் அசிங்க்ரனஸாக (மறுமுனையின் பதிலுக்குக் காத்திருக்காமல்) ஓடினால், ஒன்று 10:05 நிலையிலும் மற்றொன்று 10:07 நிலையிலும் இருக்கலாம். டேட்டா முன்னே போய் லாக் பின்தங்கிவிட்டால், அந்த நகல் திறக்காது. திறந்தாலும் நம்ப முடியாது.

இதற்காகத்தான், பல வால்யூம்களை எழுதிய வரிசை மாறாமல் ஒன்றாக நகலெடுக்கும் கன்சிஸ்டன்சி குரூப் இருக்கிறது. ஒரு டேட்டாபேஸுக்குச் சொந்தமான எல்லா வால்யூமும் ஒரே குரூப்பில் இருக்க வேண்டும். லினக்ஸில் டிஆர்பிடி என்ற ரெப்ளிகேஷன் மென்பொருள் வைப்பவர்கள் அவற்றை ஒரே ரிசோர்ஸுக்குள் வையுங்கள். ரிசோர்ஸ் பிரிந்தால் எழுதும் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. விண்டோஸ் சர்வர் 2019 ஸ்டாண்டர்ட் எடிஷனில் ஸ்டோரேஜ் ரெப்ளிகா என்ற ரெப்ளிகேஷன் வசதி கிடைக்கிறதே என்று சந்தோஷப்படுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் ஒரே ஒரு வால்யூம்தான், அதுவும் 2 டிபி வரைதான். லாகும் டேட்டாவும் தனித்தனி டிரைவில் இருக்கும் டேட்டாபேஸை அப்படியே அதில் கொண்டுபோக முடியாது. டேட்டாசென்டர் எடிஷன் வேண்டும், அல்லது அமைப்பை மாற்ற வேண்டும். இதை வாங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

ஆரம்பத்தில் குரூப் சரியாகத்தான் இருக்கும். கெடுவது பிறகு. நான் பார்த்த ஓரிடத்தில் ஒரு ராத்திரி டேபிள்ஸ்பேஸ், அதாவது டேட்டாபேஸுக்கு ஒதுக்கிய இடம், நிரம்பிவிட்டது. ஸ்டோரேஜ் டீமிடம் அவசரமாக ஒரு லன் (ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்கித் தரும் டிஸ்க்) கேட்டு, புது மவுண்ட் பாயின்ட் போட்டு, அதில் ஒரு டேட்டா ஃபைலைச் சேர்த்து, காலைக்குள் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது. நல்ல வேலைதான். ஆனால் அந்தப் புது லன்னை ரெப்ளிகேஷன் குரூப்பில் சேர்க்கச் சொல்லி யாரும் டிக்கெட் போடவில்லை. திரை அப்போதும் பச்சைதான், ஏனென்றால் குரூப்பில் இருந்த வால்யூம்கள் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. அடுத்த டிஆர் டிரில்லில் (ஒத்திகையில்), ஒரு ஃபைலைக் காணோம் என்று டேட்டாபேஸ் திறக்க மறுத்தது. டிரில் என்பதால் பிழைத்தார்கள். டேட்டாபேஸில் உள்ள ஃபைல் பட்டியலை எடுத்து, அவை இருக்கும் டிஸ்க் எல்லாம் குரூப்பில் இருக்கின்றனவா என்று தினமும் ஒப்பிட்டு, இல்லையென்றால் அலர்ட் அனுப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

சிங்க்ரனஸா, அசிங்க்ரனஸா என்ற கேள்விக்குப் பாதி பதில் தூரத்திலேயே இருக்கிறது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டிலேயே 1000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 10 மில்லி செகண்டுக்குக் கீழே வர இயற்கையே விடாது, கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் இன்னும் அதிகம். சிங்க்ரனஸில் ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை உறுதி செய்யும் எழுத்தும்) மறுமுனையின் பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு பேட்ச் வேலை 10 லட்சம் வரிகளை ஒவ்வொன்றாகக் கமிட் செய்கிறது என்று வையுங்கள். ஒரு கமிட்டுக்கு 1 மில்லி செகண்ட் என்றால் 17 நிமிடத்தில் முடியும். 15 மில்லி செகண்ட் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். ஸ்டோரேஜ் ரெப்ளிகாவை சிங்க்ரனஸாக வைக்க மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு, போய்வர சராசரியாக 5 மில்லி செகண்டுக்குள். லிங்க் வாங்கும்போது பேண்ட்வித்தை மட்டும் கேட்காதீர்கள், போய்வரும் நேரத்தையும் கேளுங்கள். லிங்க் போனால் முதன்மைப் பக்கம் எழுதிக்கொண்டே இருக்குமா, நின்றுவிடுமா என்றும் கேளுங்கள். பதிலை வாயால் வாங்காமல், கேபிளைப் பிடுங்கிப் பார்த்து வாங்குங்கள். முழுதாகப் பிடுங்கினால் மட்டும் போதாது. பாக்கெட் பாதி போகும், பாதி போகாது என்ற நிலையையும் சோதியுங்கள். என்எஸ்இ லிங்குகளுக்கு வந்தது தடுமாற்றம்தான்.

அதற்காக டிஆரைப் பக்கத்துத் தெருவில் வைத்துவிடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இருந்தவர்களுக்கு, ஊரின் இரண்டு முனையும் ஒரே நாளில் முடங்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது. WHERE நிபந்தனை இல்லாமல் ஓட்டிய டெலீட்டும், ரான்சம்வேர் பூட்டிய ஃபைலும் அதே வேகத்தில் அந்தப் பக்கமும் போய்ச் சேரும். பேக்கப் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

டிரில்லை எப்படி நடத்துவது? ரெப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஆர் பக்கம் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நகல்) எடுத்து, வேறொரு சர்வரில் மவுண்ட் செய்து, டேட்டாபேஸை ஸ்டார்ட் செய்யுங்கள். அது ரெகவரி முடித்துத் திறக்கிறதா என்று லாகில் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வர் என்றால், டேட்டா கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் டிபிசிசி செக்டிபி ஓட்டுங்கள். நான் எல்லா இடத்திலும் ஒரு குட்டி டேபிள் வைக்கச் சொல்வேன்: நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை அதில் எழுதும் ஒரு ஜாப், அவ்வளவுதான். டிஆர் நகலில் அந்த டேபிளின் கடைசி வரியைப் பார்த்தால் எத்தனை நிமிட டேட்டா போயிருக்கும் என்று தெரிந்துவிடும். ஆர்பிஓ (எவ்வளவு நேர டேட்டா இழப்பைத் தாங்கலாம் என்ற அளவு) என்று ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நிஜம் அந்த வரிதான். அப்புறம், வால்யூமுக்கு வெளியே இருப்பவற்றைத் தேடுங்கள். என்கிரிப்ஷன் சாவி முதன்மை சர்வரின் லோக்கல் டிஸ்க்கில் மட்டும் இருந்தால், பிளாக் ஒன்றுவிடாமல் வந்தும் பயனில்லை. லாகின்கள், நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகள், அப்ளிகேஷனுக்குள் நேரடியாக எழுதிவைத்த ஐபி முகவரி எல்லாம் இந்த வகைதான்.

பலரும் தொடாமலே விடுவது டிஆரிலிருந்து முதன்மைக்குத் திரும்பி வரும் பயணத்தை. 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் கோடைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் இணைப்பு 43 நொடிகள்தான் அறுந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரை டேட்டாபேஸை முதன்மை ஆக்கிவிட்டது. கிழக்கில் மேற்குக்குப் போகாத சில எழுத்துகள், மேற்கில் கிழக்குக்கு வராத எழுத்துகள். சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அங்கே ஓடியது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சொந்த ரெப்ளிகேஷன். ஸ்டோரேஜ் அடுக்கில் இதே நிலை வந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் இரண்டு பக்கத்து வரிகளை ஒப்பிட்டுச் சேர்க்க அதற்குத் தெரியாது. ஒரு பக்கத்தை வைத்து மறுபக்கத்தை அழிக்கத்தான் தெரியும்.

அதனால் டிஆருக்கு மாறிய பின் பழைய முதன்மை சர்வர் உயிரோடு வந்தால், டேட்டாபேஸ் தானாக ஸ்டார்ட் ஆகாதபடி வையுங்கள். பழைய பக்கத்து வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகே திசையைத் திருப்புங்கள். இரு பக்கத்தையும் மறுபடி ஒன்றாக்கும் ரீசிங்க் கட்டளையை அடிக்கும் முன், எது மூலம், எது இலக்கு என்று ஒருவர் திரையைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் கையில் உள்ள தாளில் சரிபார்க்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, மேனேஜர் போனில் காத்திருந்தாலும் சரி.